டயர் கேள்வி-பதில்: மழையில் எத்தனை மீட்டரில் நிற்கும்?

ஸ்போர்ட்ஸ் ரக சம்மர் டயர்களை எப்படி எடைபோடுவது என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். பலருக்கும் உதவக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சம்மர் டயர் என்றால் கோடைக்கு மட்டும் போடுவதா? கடையில் கேட்டால் "அப்படி எதுவும் இங்கே வராது சார்" என்கிறார்கள். (வாசகர், சென்னை)

பதில்: நம் ஊர்க் கடைகளில் கார்களுக்கு விற்பவை ஏறக்குறைய எல்லாமே சம்மர் டயர்கள்தான். வேறு வகையோடு ஒப்பிடத் தேவை இல்லாததால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பனி விழும் நாடுகளில் குளிர்காலத்துக்குத் தனி டயர் உண்டு. அதன் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். சம்மர் டயரின் ரப்பர் வெப்பத்தில் உறுதியாக நிற்பதற்காகக் கலக்கப்பட்டது, குளிரில் இறுகிவிடும். மழைக்கும் சம்மர் டயர்தான் சரி. 'சம்மர்' என்ற பெயரைப் பார்த்து மழைக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம்.

இதற்குள் 'ஹை பெர்ஃபாமன்ஸ்' என்று தனியாகச் சொல்வது, பெரும்பாலும் 17 அங்குலமோ அதற்கு மேலோ ரிம் உள்ள, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) குட்டையான, வேகக் குறியீடு வி, டபிள்யூ, ஒய் என்று உள்ள டயர்களை. 225/45 ஆர்17 94ஒய் என்று பக்கத்தில் எழுதியிருந்தால் அகலம் 225 மி.மீ., சைடுவால் உயரம் அந்த அகலத்தில் 45 சதவீதம், ரிம் 17 அங்குலம். 94 என்பது ஒரு டயர் தாங்கும் சுமை, 670 கிலோ. ஒய் என்றால் 300 கி.மீ. வேகம் வரை. வி 240, டபிள்யூ 270. நூறில் ஓட்டுகிற நமக்கு 300 எதற்கு என்று கேட்பது நியாயம். அந்தக் குறியீடு டயரின் உட்கட்டு வேகத்தையும் அதனால் ஏறும் சூட்டையும் தாங்கும் என்பதற்குத்தான் சான்று. ரோட்டைப் பிடிப்பதற்குச் சான்று ஆகாது. கிரிப்பை வேறு இடத்தில் தேட வேண்டும்.

கேள்வி: என் செடானுக்கு 205/55 ஆர்16. ஐரோப்பியச் சோதனை ஒன்றில் முதலிடம் பெற்ற டயரைத் தேடினால், அதே பெயரில் என் அளவு இங்கே கிடைக்கவில்லை. கிடைக்கும் டயர்களின் பெயர்கள் அந்த அட்டவணையில் இல்லை. இந்தச் சோதனைகளை நம்பலாமா? நமக்கு அவற்றால் பயன் உண்டா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நம்பலாம். படிக்கும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். டயர் நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு ஒரு வரிசையும் ஆசியாவுக்கு வேறொரு வரிசையும் செய்கின்றன. கான்டினென்டலின் அல்ட்ராகான்டாக்ட் யூசி6, மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6 ஆகியவை ஆசிய-பசிபிக் சந்தைக்கு வந்தவை. ஐரோப்பியச் சோதனைகளில் வருவது பிரீமியம்கான்டாக்ட், ஸ்போர்ட்கான்டாக்ட் வரிசை. மிச்செலினின் பிரைமசி 4 எஸ்டி, ஐரோப்பாவில் விற்ற பிரைமசி 4 அன்று. கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டுப் படித்தால் வேறொரு டயரின் மதிப்பெண்ணை உங்கள் டயருக்குப் போட்டுவிடுவீர்கள். 2020 ஜூனிலிருந்து இந்தியாவில் புது டயர் இறக்குமதிக்கு உரிமம் தேவை. ஐரோப்பாவில் சாதாரணமாகக் கிடைக்கும் பல அளவுகள் இங்கே கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது அளவு. பெயர் ஒன்றாகவே இருந்தாலும் 225/40 ஆர்18 அளவில் நடந்த சோதனை 205/55 ஆர்16-க்கு அப்படியே பொருந்தாது. வார்ப்பு அச்சு வேறு, சைடுவாலின் விறைப்பு வேறு, சில சமயம் தொழிற்சாலையும் வேறு. கார் நிறுவனத்துக்கென்று செய்த டயரில் தனிக் குறி இருக்கும். பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிசுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. அதே பெயரில் கடையில் தொங்கும் பொது டயருக்கும் அதற்கும் உட்கட்டிலோ கலவையிலோ வித்தியாசம் இருக்கலாம்.

இனி அட்டவணை. ஜெர்மனியின் வாகனச் சங்கமான ஏ.டி.ஏ.சி., ஆட்டோ பில்ட் பத்திரிகை போன்றவை ஆண்டுதோறும் சம்மர் டயர்களை ஒப்பிடுகின்றன. அவற்றில் மொத்த மதிப்பெண்ணை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ஈரத்தில் பிரேக் அடித்து நின்ற தூரம் என்ற பத்தியை முதலில் பாருங்கள். 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு டயர் 30 மீட்டரில் நிற்கிறது, இன்னொன்று 33 மீட்டரில் நிற்கிறது என்று வையுங்கள். மூன்று மீட்டர்தானே என்று தோன்றும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அது இன்னும் மணிக்கு சுமார் 24 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நிற்கும் தூரம் 36 மீட்டர் என்றால் அந்த எஞ்சிய வேகம் 33 கி.மீ. கணக்கு எளிது: 1-லிருந்து (30 வகுத்தல் 36) கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 80-ஆல் பெருக்குங்கள். எந்த அட்டவணையையும் இப்படி மாற்றிப் படித்தால் எந்த வித்தியாசம் பெரிது, எது சிறிது என்பது உடனே தெரிந்துவிடும். முதல் ஐந்து டயர்களும் ஒரு மீட்டருக்குள் இருந்தால் அவற்றுக்குள் யார் முதலிடம் என்று வாதாடுவது வீண். அவற்றில் விலைக்கும் கிடைப்பதற்கும் ஏற்றதை எடுக்கலாம்.

சோதனை ஒழுங்காக நடந்ததா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: ஒப்பீட்டு டயர். காலையில் தொடங்கிய சோதனை மதியம் வரை போகும்போது தளம் சூடாகும், நீரின் அளவு மாறும். அதனால் ஒரே டயரை நடுநடுவே மாட்டி மீண்டும் மீண்டும் ஓட்டி, அதன் மாற்றத்தை வைத்து மற்ற எண்களைத் திருத்துவார்கள். உதாரணமாக, ஒப்பீட்டு டயர் காலையில் 31.0 மீட்டரிலும் மதியம் 30.2 மீட்டரிலும் நின்றது. மதியம் ஓடிய 'அ' டயர் 29.9 மீட்டர் காட்டினால், காலை நிலைக்கு அது 30.7 மீட்டர். காலையில் 30.5 மீட்டர் காட்டிய 'ஆ' டயர்தான் உண்மையில் மேல். இந்தத் திருத்தத்தைச் செய்யாத வீடியோ ஒப்பீடுகள் பார்க்க நன்றாக இருக்கலாம். அவற்றின் எண்களை வைத்து டயர் வாங்காதீர்கள். சோதித்த டயர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கியவையா, நிறுவனம் அனுப்பியவையா என்பதையும் பாருங்கள்.

எந்தச் சோதனைக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற பங்கீடும் முக்கியம். ஏ.டி.ஏ.சி. 2023 முதல் 70 சதவீதத்தை ஓட்டப் பாதுகாப்புக்கும் 30 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் கணக்குக்கும் தருகிறது. தேய்மானம், எரிபொருள், சத்தம் எல்லாம் அந்த 30-இல் வரும். ஸ்போர்ட்ஸ் கார் பத்திரிகை காய்ந்த வளைவில் திருப்பிய உடனே திரும்புகிறதா என்பதற்கு அதிகம் தரும். கோவைக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் உங்களுக்கு இந்த இரண்டு பங்கீடுமே பொருந்தாமல் போகலாம். ஈர பிரேக், அக்வாபிளேனிங் (தேங்கிய நீரின் மேல் டயர் மிதப்பது), தேய்மானம் என்ற வரிசையில் நீங்களே எடை போடுங்கள். காய்ந்த ரோட்டில் நல்ல டயர்கள் எல்லாமே நம் வேகத்துக்குப் போதுமான கிரிப் தருகின்றன.

உங்கள் அளவிலும் சரியான பெயரிலும் சோதனை எதுவும் இல்லையென்றால், ஆசியச் சந்தை நாடுகளில் அதே முழுப் பெயரோடு நடந்த ஒப்பீட்டைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் நிறுவனம் வெளியிடும் ஈர கிரிப் தரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்த பதில் அதைப் பற்றியதுதான்.

கேள்வி: சில டயர்களில் ஏ, பி, சி என்று வண்ணப் பட்டை போட்ட ஸ்டிக்கர் வருகிறது. அதை மட்டும் பார்த்து வாங்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்தின் லேபிள். 2021 மே மாதம் முதல் புதிய வடிவில், ஏ முதல் இ வரை ஐந்து படிகளாக வருகிறது. ஒரு பட்டை உருளும் தடைக்கு, அதாவது மைலேஜுக்கு. இன்னொன்று ஈர கிரிப்புக்கு. வெளியே கேட்கும் சத்தம் டெசிபலில் தனியாக இருக்கும்.

ஈர கிரிப் தரத்தை ஒரு நிலையான ஒப்பீட்டு டயரோடு வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒப்பீட்டு டயரைவிட 55 சதவீதமோ அதற்கு மேலோ அதிகப் பிடிப்பு இருந்தால் ஏ. 40 முதல் 54 சதவீதம் பி. 25 முதல் 39 சதவீதம் சி. ஒரு படிக்குள்ளேயே இவ்வளவு அகலம் இருப்பதால், பி-யின் மேல் விளிம்பில் உள்ளதும் ஏ-யின் கீழ் விளிம்பில் உள்ளதும் ரோட்டில் பிரித்தறிய முடியாதவை. சி-யும் ஏ-யும் அப்படி இல்லை, அந்த வித்தியாசத்தைப் பிரேக்கில் உணரலாம்.

லேபிள் சொல்லாதவை நிறைய. ஈரச் சோதனை நடப்பது அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரையான நீரில். ஐப்பசி மழையில் ரோட்டில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அக்வாபிளேனிங் லேபிளில் வரவே வராது. தளத்தின் வெப்பமும் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வளைவில் பிடிப்பு, காய்ந்த ரோட்டு பிரேக், தேய்மானம் எதுவும் அதில் இல்லை.

மைலேஜ் பட்டையைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு டன் சுமைக்கு 6.5 கிலோ தடை வரை ஏ. 7.8 முதல் 9.0 வரை சி. ஒன்றரை டன் காரில் 9.0-லிருந்து 6.5-க்கு வந்தால் சுமார் 37 நியூட்டன் இழுவிசை மிச்சம். பெட்ரோல் என்ஜினின் திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால் 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 0.4 லிட்டர். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் 60 லிட்டர். கணிசமான தொகைதான். ஆனாலும் மைலேஜில் ஏ, ஈரத்தில் சி என்ற டயரைவிட, மைலேஜில் சி, ஈரத்தில் ஏ என்பதைத்தான் நாங்கள் வாங்கச் சொல்வோம். இரண்டிலும் மேல் தரம் வாங்கும் டயர்களும் இருக்கின்றன. அவற்றுக்கு விலை அதிகம்.

இந்தியாவில் ஏஐஎஸ்-142 என்ற தரத்தின்படி உருளும் தடை, ஈர கிரிப், சத்தம் மூன்றுக்கும் குறைந்தபட்ச வரம்பு உண்டு. அது தேர்வில் தேறியதா என்பதை மட்டும் சொல்லும், எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லாது. எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர லேபிள் உருளும் தடையை வைத்துத் தரப்படுவது. ஐந்து நட்சத்திரம் என்றால் மழையில் நன்றாக நிற்கும் என்று பொருள் கொள்ள வேண்டாம்.

கேள்வி: ட்ரெட்வேர் 300 என்று ஒரு டயரிலும் 500 என்று இன்னொன்றிலும் உள்ளது. 300 மென்மையானது, அதனால் கிரிப் அதிகம் என்கிறார் கடைக்காரர். நகத்தால் அழுத்தியும் காட்டினார். சரியா? (வாசகர், சேலம்)

பதில்: பாதி சரி. ட்ரெட்வேர் எண் அமெரிக்க விதிப்படி பொறிக்கப்படுவது. டெக்சாஸில் சான் ஏஞ்சலோ ஊரை ஒட்டிய சுமார் 640 கி.மீ. சுற்றுப்பாதையில், ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள். 100 என்பது ஒப்பீட்டு அளவு. ஆனால் இறுதி எண்ணைப் பொறிப்பது டயர் நிறுவனமே. அது தன் சோதனையில் வந்ததைவிடக் குறைத்தும் போடலாம். அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இந்த எண் உதவும். வெவ்வேறு நிறுவனங்களுக்கு இடையே அவ்வளவு நம்ப முடியாது. 500 போட்ட டயர் 300 போட்டதைவிட சரியாக 1.67 மடங்கு ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

பக்கத்தில் உள்ள 'ட்ராக்‌ஷன் ஏஏ' என்பது நேர்கோட்டில் சக்கரத்தைப் பூட்டி ஈரத்தில் இழுத்து அளந்தது. வளைவும் அக்வாபிளேனிங்கும் அதில் சேராது.

நகத்தால் அழுத்துவதை விட்டுவிடலாம். கடையில் 32 டிகிரியில் மெதுவாக அழுத்தும்போது தெரியும் மென்மைக்கும் ஈர கிரிப்புக்கும் நேர் உறவு இல்லை. பிரேக் பிடிக்கும்போது ரோட்டின் சொரசொரப்பு ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறை அழுத்தி விடுகிறது. அந்த வேக அதிர்வில் ரப்பர் ஆற்றலை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதுதான் பிடிப்பு. டயர் உருளும்போது நடப்பது நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை நசுங்கி விரிவது. அந்த மெதுவான அசைவில் ஆற்றலை உறிஞ்சினால் மைலேஜ் போய்விடும். வேக அதிர்வில் உறிஞ்ச வேண்டும், மெதுவான அசைவில் உறிஞ்சக் கூடாது. இதற்காகத்தான் ரப்பரில் கலக்கும் கார்பன் கருப்புக்குப் பதிலாக சிலிகா வந்தது. மிச்செலின் 1992-இல் அப்படியான டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைய நல்ல சம்மர் டயர் எல்லாவற்றிலும் சிலிகா உண்டு. எந்த நகமும் அதைக் கண்டுபிடிக்காது.

கேள்வி: அகலமான டயர் போட்டால் மழையில் கிரிப் கூடுமா? டயரில் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டை) எவ்வளவு உயரம் இருக்கும்போது மாற்றுவது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ரோடு லேசாக நனைந்திருந்தால் அகலம் கெடுதல் செய்யாது. தண்ணீர் தேங்கினால் கெடுதல். 225 மி.மீ. அகல டயர் 3 மி.மீ. ஆழத் தண்ணீரில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது நொடிக்கு 15 லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து தள்ள வேண்டும். ஒரு குடம் நீர், ஒவ்வொரு நொடியும், ஒவ்வொரு முன் டயருக்கும். 100 கி.மீ. வேகத்தில் இது ஏறக்குறைய 19 லிட்டர். பட்டன்களுக்கு நடுவே உள்ள வாய்க்கால்கள் அந்தத் தண்ணீரை ஏற்க முடியாதபோது டயர் நீரின் மேல் ஏறிவிடும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அந்த நொடியில் பிரேக்கும் திருப்பலும் வேலை செய்யாது. ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருப்பதே வழி.

காற்றழுத்தமும் இதில் பங்கு வகிக்கிறது. 1963-இல் நாசா வெளியிட்ட விமான டயர் ஆய்விலிருந்து வந்த கணக்கு ஒன்று உண்டு: அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் டயர் முழுதாக மிதக்கும் வேகம், மணிக்கு மைலில். 33 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அது சுமார் 96 கி.மீ. 25-க்கு 83 கி.மீ. கார் டயரின் தடம் வேறு வடிவில் இருப்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காற்று குறைந்தால் முன்னதாகவே மிதக்கும் என்ற திசை மட்டும் உறுதி.

சட்டப்படியான கடைசி எல்லை 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் சிறு மேடாக இருக்கும் அடையாளத்தோடு பட்டன் சமமாகிவிட்டால் அது மொட்டை டயர். எங்கள் கருத்தில் அதுவரை காத்திருப்பது தவறு. புது ஸ்போர்ட்ஸ் டயரில் 7 மி.மீ. அளவுக்கு ஆழம் இருக்கும். 3 மி.மீ. வந்ததும் மாற்றச் சொல்கிறது ஏ.டி.ஏ.சி. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பரிலேயே அளந்து, 3-க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆழம் அளக்கும் கேஜ் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் அளந்து எழுதிவையுங்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். ஆங்காங்கே குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வேண்டும். அகலமான டயரில் உள் ஓரம் தேய்வது வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவிட்டுக் குனிந்து பாருங்கள்.

இன்னொரு செய்தி: பத்திரிகைச் சோதனைகள் பெரும்பாலும் புது டயரில் நடப்பவை. பாதி தேய்ந்த பிறகு வரிசை மாறலாம். தேய்ந்த நிலையிலும் ஈர கிரிப்பைச் சோதிக்க வேண்டும் என்ற விதி ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புதிய வகை டயர்களுக்கு வந்திருக்கிறது. தேய்ந்த டயரையும் சோதித்த ஒப்பீடு கண்ணில் பட்டால் அதற்கு முதல் மதிப்பு கொடுங்கள்.

கேள்வி: என் காரில் 195/65 ஆர்15. 17 அங்குல அலாய் போட்டு 225/45 ஆக்க நினைக்கிறேன். (வாசகர், திருச்சி)

பதில்: விட்டம் பொருந்தும். முதலாவது 634.5 மி.மீ., இரண்டாவது 634.3 மி.மீ. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. பிரச்சினை சைடுவாலில். 127 மி.மீ. உயரம் 101 ஆகிறது. அதே பள்ளத்தில் டயர் ரிம்மோடு நசுங்கி உள்நூல் அறுந்து, சைடுவாலில் முட்டை போல் புடைக்கும் வாய்ப்பு கூடும். புடைத்த டயருக்குப் பழுது கிடையாது, உடனே கழற்ற வேண்டியதுதான். சக்கரத்தின் எடை கூடும், ஸ்டீயரிங் கனக்கும், முழுதாக ஒடித்தால் உட்புறம் உரசலாம். நடுவில் 205/55 ஆர்16 இருக்கிறது, விட்டம் 632 மி.மீ. அதில் ஒரு நல்ல டயர் போடுவது, 17-இல் மட்டமான டயர் போடுவதைவிட மேல். எதைப் போட்டாலும் சுமை எண்ணும் வேகக் குறியீடும் கார் நிறுவனம் சொன்னதற்குக் குறையக் கூடாது.

கேள்வி: மியூனிக்கில் வசிக்கிறேன். மார்ச்சிலேயே ஸ்போர்ட்ஸ் சம்மர் டயருக்கு மாறலாமா? (வாசகர், ஜெர்மனி)

பதில்: அங்கே 'ஓ-விலிருந்து ஓ வரை' என்பார்கள்: அக்டோபரிலிருந்து ஓஸ்டர்ன் எனும் ஈஸ்டர் வரை குளிர்கால டயர். அது பழக்கம். சட்டம் தேதியைப் பார்ப்பதில்லை, ரோட்டைப் பார்க்கிறது. பனியோ உறைநீரோ இருந்தால் மலையும் பனிப்படிகமும் கொண்ட சின்னம் உள்ள டயர் கட்டாயம். 2024 அக்டோபரிலிருந்து எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற பழைய குறி மட்டும் போதாது. 7 டிகிரிக்குக் கீழே சம்மர் டயர் ஆகாது என்பதைச் சுவிட்ச் போட்டதுபோல் எடுத்துக்கொள்ள வேண்டாம். 5 டிகிரியில் ஈர ரோட்டில் நல்ல சம்மர் டயர் இன்னும் நிற்கும். பனியில்தான் அது முற்றிலும் கைவிடும். மார்ச்சில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் பனி சாதாரணம் என்பதால் பொறுத்திருங்கள். கழற்றிய ஸ்போர்ட்ஸ் டயரை வெட்டவெளியில் போடாதீர்கள். கடுங்குளிரில், பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே, உருட்டினாலோ வளைத்தாலோ சில கலவைகளில் வெடிப்பு விழும்.

கேள்வி: ரன்-ஃப்ளாட் டயர் போட்டு வந்த கார். அடி அதிகமாக இருக்கிறது. சாதாரண ஸ்போர்ட்ஸ் டயருக்கு மாறலாமா? (வாசகர், சென்னை)

பதில்: மாறலாம். சவாரி மென்மையாகும், சக்கர எடையும் குறையும். ஆனால் அந்தக் காரில் ஸ்டெப்னி இருக்காது. ரன்-ஃப்ளாட் பஞ்சரானால் வழக்கமாக 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை ஓட்டலாம். சாதாரண டயரில் அந்த வசதி போய்விடும். ஆகவே கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும் காரில் வையுங்கள், முடிந்தால் ஒரு ஸ்டெப்னியும். டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு வேலை செய்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னால் இது, பின்னால் அது என்று கலந்தால் சைடுவால் விறைப்பு மாறி, அவசரத் திருப்பத்தில் கார் எதிர்பாராத விதமாக நடந்துகொள்ளும்.

கேள்வி: புது டயரை நானே சோதித்துப் பார்க்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பொது ரோட்டில் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற இடங்களில் அனுமதியோடு செய்யலாம். 50 கி.மீ. வேகம் போதும்.

புது டயரின் மேல் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு இருக்கும். முதலில் 300 கி.மீ. சாதாரணமாக ஓட்டுங்கள். அதற்குள் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சோதனை நாளில், கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கர்படி குளிர்ந்த டயரில் காற்றுப் பிடியுங்கள். குளிர்ந்தது என்றால் மூன்று மணி நேரம் நின்றது. வெப்பம் 5, 6 டிகிரி கூடினால் அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. ஏறும். ஓடிச் சூடான டயரில் ஏறியதை இறக்கிவிடாதீர்கள், ஆறியதும் குறைவாகிவிடும். பெட்ரோல் அளவும் ஆட்களும் பழைய டயருக்கும் புது டயருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உதறும் அளவுக்கு ஒரே மிதியில் பிரேக்கை அழுத்துங்கள். நொடிக்குப் பத்து முறை பதியும் ஜி.பி.எஸ். கருவி தூரத்தைத் தரும், சாதாரண செல்போன் ஜி.பி.எஸ். போதாது. வேகம் சரியாக 50 என்று அமையாது. 52-இல் 11.8 மீட்டர் வந்தால் 50-ஐ 52-ஆல் வகுத்து, வர்க்கம் எடுத்து, 11.8-ஆல் பெருக்குங்கள்: 10.9 மீட்டர். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிடுங்கள். முதல் இரண்டு எண்களை விட்டுவிட்டு அடுத்த ஆறின் சராசரியை எடுங்கள். ஆறும் தமக்குள்ளேயே அரை மீட்டர் விலகினால், இரு டயர்களுக்கும் இடையே காணும் கால் மீட்டர் வித்தியாசத்துக்குப் பொருளில்லை. பழைய டயரைக் கடைசியில் மீண்டும் ஒருமுறை மாட்டி ஓட்டுங்கள். முதல் சராசரியிலிருந்து அது நகர்ந்திருந்தால் தளம் மாறியிருக்கிறது, கோவை வாசகருக்குச் சொன்ன திருத்தத்தைச் செய்ய வேண்டும். இன்னொன்று: மொட்டை டயரோடு புது டயரை ஒப்பிட்டால் காய்ந்த தளத்தில் பழையது நன்றாகவே நிற்கும். பட்டன் குட்டையாக இருந்தால் அது நெளியாது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

கேள்வி: இரண்டு டயர் மட்டும் மாற்றப் பணம் இருக்கிறது. முன் சக்கரம் இழுக்கும் கார். புதிதை முன்னால்தானே போட வேண்டும்? (வாசகர், ஓசூர்)

பதில்: பின்னால். பலரும் இதில் தவறுகிறார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். ஆகவே பட்டன் ஆழமான ஜோடி பின்னால், மிச்சமுள்ளதில் நல்ல ஜோடி முன்னால். இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே பெயர் என்றால் நல்லது.

வாங்கும்போது டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். மாட்டும்போது 'அவுட்சைடு' என்று எழுதிய பக்கம் வெளியே வருகிறதா என்று நின்று பாருங்கள். உள்ளே போனால் வளைவில் தாங்க வேண்டிய பெரிய பட்டன்கள் தவறான பக்கத்தில் இருக்கும். அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும் திசை. புது வால்வு போடச் சொல்லுங்கள், பேலன்சிங் செய்யுங்கள். நட்டுகளை ஏர் கன்னால் மட்டும் முடுக்கி விடாமல் டார்க் ரெஞ்சால் கார் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை திரும்ப முடுக்குங்கள்.